கூகுள் சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்: பாடம் நடத்துவது யார், உறுதி சொல்வது யார்?

2018 ஜனவரியில் கூகுள் நிறுவனம் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தின் வழியாக ஐ.டி. சப்போர்ட் பணிக்கான சான்றிதழ் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. பட்டம் கேட்கவில்லை, நுழைவுத் தேர்வு வைக்கவில்லை. மாதம் 49 டாலர் சந்தா கட்டிய எவரும் சேரலாம். விரைவாக முடித்தவருக்குச் செலவும் குறையும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 மே மாதத்தில், ஏறக்குறைய அதே அச்சில் வார்த்த சைபர் பாதுகாப்புச் சான்றிதழும் வந்தது. இவ்விரண்டையும் ஒரே நிகழ்வின் இரு கட்டங்களாக வைத்துப் பார்ப்பது இந்த ஆய்வின் நோக்கம். முதல் சான்றிதழ் ஏன் எடுபட்டது, அதே ஏற்பாடு இரண்டாவதில் ஏன் அவ்வளவு இயல்பாகப் பொருந்தவில்லை என்பது தெளிந்தால், இன்று நம் கல்லூரி மாணவர்கள் ரெஸ்யூமேயில் வரிசையாக அடுக்கும் ஆன்லைன் சான்றிதழ்களின் எடையும் ஓரளவு தெளியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சான்றிதழ் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: கற்பிக்க வேண்டும், கற்றவருக்குத் தெரியும் என்று மூன்றாம் நபரிடம் உறுதி சொல்ல வேண்டும். கூகுள் முதல் வேலையை நன்றாகவே செய்திருக்கிறது. இரண்டாவது வேலையை வேண்டுமென்றே வெளியாட்களிடம் விட்டுவிட்டது. ஐ.டி. சப்போர்ட் எனப்படும் ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. பாதுகாப்பு வேலைக்குப் போதவில்லை.

ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து தொடங்கிய கதை

ஐ.டி. சப்போர்ட் சான்றிதழ் திடீரென்று முளைத்ததல்ல. அதற்கு முன்பே கூகுள், பட்டம் பெறாத, வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இயர் அப் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்போடு சேர்ந்து, தன் அலுவலகங்களிலேயே சப்போர்ட் பணிக்கு ஆள் பழக்கிப் பார்த்திருந்தது. கணினி அறிவியல் பட்டம் இல்லாதவரும் சில மாதப் பயிற்சியில் இந்த வேலையைச் செம்மையாகச் செய்ய முடியும் என்பது அந்த அனுபவத்தில் உறுதிப்பட்டது. அதன் பிறகே அந்தப் பாடம் இணையத்துக்கு வந்தது. பல சான்றிதழ் படிப்புகள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் படிப்பை விற்றுவிட்டு, பிறகு அதற்கேற்ற வேலையைத் தேடுகின்றன.

பாடத்தில் ஐந்து பகுதிகள் இருந்தன. கணினியின் உறுப்புகளைக் கழற்றி மாட்டுவது, நெட்வொர்க் அடுக்குகள், விண்டோஸ், லினக்ஸ் இயங்குதளங்கள், சர்வர் நிர்வாகம், இறுதியாகப் பாதுகாப்பு. இவற்றோடு, எரிச்சலுடன் தொலைபேசியில் வரும் பயனரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் நடித்துக் காட்டினார்கள். சில பயிற்சிகள் குவிக்லேப்ஸ் என்ற தளத்தில், உண்மையான மெய்நிகர் கணினிகளில் நடந்தன. கூகுள் அந்நிறுவனத்தை 2016-இலேயே வாங்கியிருந்தது.

பாடத்தைவிட முக்கியமானவை அதைச் சுற்றி எழுப்பிய ஏற்பாடுகள். 10,000 பேருக்கு உதவித்தொகை அறிவித்தார்கள். பேங்க் ஆஃப் அமெரிக்கா, வால்மார்ட், இன்ஃபோசிஸ் முதலிய நிறுவனங்கள் சான்றிதழ் பெற்றவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்க ஒப்புக்கொண்டன. அதே ஆண்டில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் ஐ.டி. இளநிலைப் பட்டத்துக்கு இந்தச் சான்றிதழைக் கிரெடிட்டாக ஏற்றது. சமுதாயக் கல்லூரிகளும் தங்கள் வகுப்புகளில் சேர்த்துக்கொண்டன. பின்னர் அமெரிக்கக் கல்விக் கழகம் 12 கிரெடிட் வரை தரலாம் என்று பரிந்துரைத்தது. 2020 ஜூலையில் கூகுளின் மூத்த அதிகாரி கென்ட் வாக்கர், புதிதாக வரவிருந்த சான்றிதழ்களைத் தங்கள் சொந்த ஆள்சேர்ப்பில், தொடர்புடைய பணிகளுக்கு, நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாகக் கருதுவோம் என்று அறிவித்தார்.

அந்த அறிவிப்பு செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தது. "தங்கள் சொந்த ஆள்சேர்ப்பில்", "தொடர்புடைய பணிகளுக்கு" என்ற இரண்டு நிபந்தனைகளும் பல இடங்களில் உதிர்ந்துபோய், "பட்டத்துக்கு மாற்று" என்பது மட்டும் எஞ்சியது. இன்றும் பல விளம்பரங்கள் அந்த எச்சத்தை வைத்தே பிழைக்கின்றன.

ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு இந்த ஏற்பாடு ஏன் போதுமானதாக இருந்தது என்பதற்குக் காரணம் அந்த வேலையின் தன்மையிலேயே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் தவறு செய்தால் ஒருவரது பிரிண்டர் ஒரு மணி நேரம் தாமதமாகச் சரியாகும். மேலே அனுபவமுள்ளவர் இருப்பார், பயனரின் புகார்ப் பதிவான டிக்கெட்டை அவரிடம் தள்ளிவிடலாம். ஆகவே நிறுவனங்கள் துணிந்து எடுத்துப் பார்க்கலாம். ஒரு வார வேலையிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் தொழில் கையேடும் கணினிப் பயனர் உதவிப் பணிக்கு முன் அனுபவம் தேவையில்லை என்றே குறிப்பிடுகிறது.

எட்டுப் பகுதிகளில் பாதுகாப்பு

2023-இல் வந்தபோது சைபர் பாதுகாப்புச் சான்றிதழில் எட்டுப் பகுதிகள் இருந்தன. துறையின் அடிப்படைகளில் தொடங்கி, அபாய மேலாண்மை, நெட்வொர்க் பாதுகாப்பு, லினக்ஸும் தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்.லும், சொத்துகளும் அச்சுறுத்தல்களும், ஊடுருவலைக் கண்டறிந்து எதிர்கொள்ளுதல், பைத்தான் நிரல்மொழி வழி தானியக்கம் என்று நகர்ந்து, நேர்காணலுக்கு ஆயத்தமாவதில் முடிந்தது. வாரத்துக்கு ஏழு முதல் பத்து மணி நேரம் ஒதுக்குபவர் ஆறு மாதத்துக்குள் முடிக்கலாம் என்பது கூகுளின் கணக்கு.

இதை மேலோட்டமான படிப்பு என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பயிற்சிகளை ஒன்றொன்றாகப் பார்த்தால், பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் முதல் நிலை அனலிஸ்ட் செய்யும் வேலையின் சாயல் அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. லினக்ஸ் பயிற்சியில் ஒரு கோப்புறை கொடுக்கப்படுகிறது; அதில் வெளியாருக்கு எழுதும் அனுமதி தவறுதலாகத் திறந்து கிடக்கும் ஃபைலைக் கண்டுபிடித்து அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும். புள்ளியில் தொடங்கும் பெயருடன் மறைந்திருக்கும் ஃபைலும் அதில் உண்டு. எஸ்.கியூ.எல். பயிற்சியில், மாலை 6 மணிக்குப் பிறகு தோல்வியுற்ற உள்நுழைவு முயற்சிகளை மட்டும் அட்டவணையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பைத்தான் பயிற்சியில், அனுமதிக்கப்பட்ட ஐ.பி. முகவரிகளின் பட்டியல் உள்ள ஃபைலைத் திறந்து, நீக்க வேண்டியவற்றை நீக்கி, திரும்ப எழுதும் நிரல் ஒன்றை அமைக்க வேண்டும். இருபது வரிகூட வராத நிரல்தான். ஆனால் தினமும் கையால் செய்யும் ஒரு சலிப்பான வேலையை எப்படிக் கணினியிடம் ஒப்படைப்பது என்ற எண்ணத்தை அது ஊன்றிவிடுகிறது.

கருவிகளின் தேர்விலும் குறை சொல்ல அதிகமில்லை. டி.சி.பி.டம்ப், வயர்ஷார்க் ஆகியவற்றைக் கொண்டு நெட்வொர்க்கில் ஓடும் தரவுப் பாக்கெட்டுகளைப் பிடித்துப் படிக்கிறார்கள். சூரிகாட்டாவில் ஊடுருவலைக் கண்டறியும் விதியின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஸ்ப்ளங்கில் ஒரு கற்பனை விளையாட்டு விற்பனைக் கடையின் பதிவுகளைத் தேடி, அஞ்சல் சர்வரில் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கில் நுழையத் தவறிய முயற்சிகளை எண்ணுகிறார்கள். கூகுளின் சொந்தத் தயாரிப்பான க்ரோனிக்கிள் என்ற இதே வகைக் கருவியும் இடம்பெற்றது. பாடம் நடத்துபவரே கருவியும் விற்பவராக இருக்கும்போது இது எதிர்பார்க்கத் தக்கதே. ஆனாலும் போட்டி நிறுவனத்தின் ஸ்ப்ளங்கையும் சேர்த்துக் கற்பித்ததைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது கருவிகளல்ல, எழுத்துப் பயிற்சிதான். சிறிய மருத்துவமனை ஒன்றின் ஃபைல்கள் செவ்வாய்க்கிழமை காலையில் திறக்க முடியாமல் போகின்றன. பிணைத்தொகை கேட்டுத் திரையில் செய்தி வருகிறது. ஊழியர்களுக்கு வந்த மோசடி மின்னஞ்சலின் இணைப்பு வழியாக நுழைந்திருக்கிறார்கள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதி, நிகழ்வுக் குறிப்பேட்டைத் தொடங்க வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் நெட்வொர்க் பாடத்தை நான்கு ஆண்டுகள் படித்த மாணவர் பலர், நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதும் பழக்கமே இல்லாமல் வெளியே வருகிறார்கள். கண்காணிப்பு மையத்தில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு விட்டுச்செல்லும் குறிப்பு தெளிவாக இல்லையென்றால், முந்தைய எட்டு மணி நேர உழைப்பு வீணாகிவிடும்.

சோதனை எங்கே?

இப்போது குறைக்கு வருவோம். படிப்பின் தேர்வுகள் பெரும்பாலும் கொள்குறி வினாக்கள். 80 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. தவறினால் மீண்டும் எழுதலாம். கண்காணிப்பாளர் இல்லை. மேலே விவரித்த குறிப்பேடு, நிரல் ஆகியவற்றோடு ஒரு கற்பனை நிறுவனத்தின் தணிக்கை அறிக்கை போன்ற, வேலை தேடும்போது காட்டுவதற்கான போர்ட்ஃபோலியோ வேலைகளை எவரும் திருத்துவதில்லை. மாணவர் எழுதி முடித்ததும் ஒரு மாதிரி விடை காட்டப்படும். அதோடு தன் விடையைத் தானே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். உண்மையாக உழைப்பவருக்கு இது நல்ல கற்பித்தல் முறை. உழைக்காதவரைத் தடுக்க இதில் எந்த வேலியும் இல்லை.

இதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டு எடுத்த முடிவு. லட்சக்கணக்கானோர் சேரும் படிப்பில் ஒவ்வொரு அறிக்கையையும் ஒரு மனிதர் படித்துத் திருத்தினால் மாதச் சந்தாவில் கட்டுப்படியாகாது. தேர்வு மையம் வைத்தால் கட்டணம் பலமடங்காகும், யாரும் எங்கிருந்தும் சேரலாம் என்ற வாக்குறுதியும் போய்விடும். கதவை அகலத் திறந்ததற்குக் கொடுத்த விலை இது.

ஆனால் விளைவு என்ன? எல்லோருக்கும் ஒரே தரவு, ஒரே கற்பனை நிறுவனம். போட்டியம் டாய்ஸ் என்ற பொம்மைக் கம்பெனியின் பாதுகாப்புத் தணிக்கையை உலகம் முழுவதும் செய்து செய்து, அநேகமாக இந்தப் பூமியிலேயே அதிகமாகத் தணிக்கை செய்யப்பட்ட நிறுவனம் அதுவாகத்தான் இருக்கும். நிரலாளர்கள் தங்கள் வேலைகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தேடினால் அதே அறிக்கை, அதே தலைப்பு, பல இடங்களில் எழுத்துப் பிழைகூட மாறாமல் கிடைக்கிறது. ஆள்சேர்ப்பவர் மேசையில் இத்தகைய போர்ட்ஃபோலியோ வரும்போது, அதைக் கொண்டு ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய வழியில்லை.

கூகுள் இதை அறிந்தே இருக்கிறது என்பதற்கு, இந்தச் சான்றிதழை, ஐ.டி. திறன் தேர்வுகள் நடத்தும் காம்ப்டியா அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் தேர்வோடு இணைத்திருப்பதே சான்று. படிப்பை முடித்தவர் அந்தத் தேர்வுக்குக் கட்டணச் சலுகை பெறலாம். இரண்டையும் முடித்தவருக்குக் கூட்டு அடையாளமும் உண்டு. செக்யூரிட்டி பிளஸ் வேறு இனம்: 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 வினாக்கள், அவற்றில் சில செய்முறை வகை, 100 முதல் 900 வரையான அளவுகோலில் 750 எடுத்தால்தான் தேர்ச்சி, கண்காணிப்புடன் நடக்கும், மூன்றாண்டுகளில் காலாவதியாகும். அமெரிக்காவில் அதன் கட்டணம் 400 டாலருக்கு மேல். அதாவது, உறுதி சொல்லும் வேலைக்குத் தனி விலை இருக்கிறது, அதை வேறொருவர் வசூலிக்கிறார். "மாதம் 49 டாலரில் சைபர் பாதுகாப்பு வேலை" என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தவருக்கு இந்த இரண்டாவது பில் பெரும்பாலும் தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது.

நம்மிடமே இதற்கு மாறான ஓர் ஏற்பாடு இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு இயங்கும் என்.பி.டி.இ.எல். தளத்தில் பாடம் முழுவதும் இலவசம்; சான்றிதழ் வேண்டுபவர் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி, குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மையத்துக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி எழுத வேண்டும். மதிப்பெண்ணில் வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும். கரக்பூர் ஐ.ஐ.டி. வழங்கும் 12 வார எத்திகல் ஹேக்கிங் பாடமும் இந்த வழியில்தான் சான்றளிக்கப்படுகிறது. கூகுள் பாடத்தின் மெருகோ கதைப்போக்கோ அதில் இருக்காது. பேராசிரியர் பலகையோ ஸ்லைடோ வைத்து நடத்தும் வகுப்புதான். ஆனால் கற்பித்தல் மலிவு, உறுதி சொல்வதற்குத் தனி ஏற்பாடு என்ற பிரிவினை அங்கே ஒளிவுமறைவின்றி இருக்கிறது. என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் அரசின் ஸ்வயம் தளத்துப் பாடங்களிலிருந்து 40 விழுக்காடு வரை கிரெடிட் ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தபோது, அந்தத் தேர்வு மையம் இருந்ததுதான் அதற்குத் துணிவைத் தந்திருக்கும் என்று கருதுகிறேன்.

முதல் வேலையா, இரண்டாம் வேலையா?

சைபர் பாதுகாப்புத் துறையில் ஆள் பற்றாக்குறை என்பது எல்லா விளம்பரங்களிலும் வரும் முதல் வாக்கியம். சைபர் பாதுகாப்பு வல்லுநர்களுக்குச் சான்றளிக்கும் ஐ.எஸ்.சி.2 அமைப்பின் 2023-ஆம் ஆண்டு ஆய்வு உலக அளவில் சுமார் 40 லட்சம் பேர் தேவைப்படுவதாக மதிப்பிட்டது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, தகவல் பாதுகாப்பு அனலிஸ்ட் பணியிடங்கள் 2022 முதல் 2032 வரை 32 விழுக்காடு கூடும் என்று கணித்தது. இந்த எண்களை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே துறையின் அதே கையேட்டைத் தொடர்ந்து படித்தால், அந்தப் பணிக்குப் பொதுவாக இளநிலைப் பட்டமும், தொடர்புடைய வேறொரு வேலையில் சில ஆண்டு அனுபவமும் எதிர்பார்க்கப்படுகின்றன என்று எழுதியிருக்கிறது. ஹெல்ப் டெஸ்க்குக்கு முன் அனுபவம் தேவையில்லை என்று சொன்ன கையேடுதான் இதையும் சொல்கிறது.

பற்றாக்குறை பெரும்பாலும் நடு அடுக்கில் இருக்கிறது. சான்றிதழ்கள் ஆளை அனுப்புவது கீழ் வாசலுக்கு. எந்த நெட்வொர்க்கையும் பராமரித்துப் பார்க்காதவர், வழக்கமான போக்குவரத்து எப்படி இருக்கும் என்று அறியாதவர், வழக்கத்துக்கு மாறானதை எப்படி இனங்காண்பார் என்பது நேர்மையான கேள்வி. இங்கே தவறின் விலையும் வேறு. நள்ளிரவில் வந்த எச்சரிக்கையை முதல் நிலை அனலிஸ்ட் "பொய் எச்சரிக்கை" என்று மூடிவிட்டால், அந்தத் தவறு வாரங்கள் கழித்துத்தான் வெளிப்படும். ஆகவே நிறுவனங்கள் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற துணிவைக் காட்டுவதில்லை. முன்கூட்டியே உறுதி கேட்கின்றன. கூகுள் வெளியே விட்ட வேலை சரியாக இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது.

வெற்றிக் கணக்குகளையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். சான்றிதழ்களை முடித்தவர்களில் 75 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் நல்ல பலன் கண்டதாகக் கூகுள் கூறிவந்தது. இது அமெரிக்காவில், படிப்பை முடித்தவர்கள் மட்டும் தாமே அளித்த தகவல். சேர்ந்து பாதியில் விட்டவர்கள் கணக்கில் இல்லை. பலன் என்பதில் புதிய வேலை மட்டுமல்ல, இருக்கும் வேலையில் பதவி உயர்வும் ஊதிய உயர்வும் அடங்கும். ஏற்கனவே வேலையில் இருந்துகொண்டு படித்தவருக்கும், கல்லூரி முடித்து வீட்டில் இருந்து படித்தவருக்கும் இந்த எண் ஒரே பொருளைத் தராது.

இந்தியாவுக்கு வந்தபோது

சைபர் பாதுகாப்புச் சான்றிதழ் வருவதற்கு முன்பே, 2022 ஆகஸ்டில், கூகுள் இந்தச் சான்றிதழ் வரிசையை இந்தியாவுக்கான தனித் திட்டமாக அறிவித்தது. படிப்பை முடிக்க ஆகும் செலவு 6,000 முதல் 8,000 ரூபாய் என்றும், நாஸ்காம் அறக்கட்டளை, டாடா ஸ்ட்ரைவ் முதலிய அமைப்புகள் வழியே ஒரு லட்சம் பேருக்கு உதவித்தொகை என்றும் சொல்லப்பட்டது. கட்டணம் இறங்கியது, பாடம் அப்படியே வந்தது. அங்கேதான் ஒரு பொருத்தமின்மை நுழைந்தது.

சைபர் பாதுகாப்புப் பாடத்தின் முதுகெலும்பு அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வகுத்த சட்டகம். ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டம், ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர்., அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பி.சி.ஐ. விதிகள் ஆகியவை எடுத்துக்காட்டுகள். நிஸ்ட் சட்டகத்தை இங்குள்ள நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகச் சென்னையிலும் பெங்களூரிலும் இரவு ஷிஃப்ட்டில் இயங்கும் கண்காணிப்பு மையங்களுக்கு ஹிப்பா அறிவு பயன்படவே செய்யும். ஆனால் இந்திய நிறுவனம் ஒன்றில் ஊடுருவல் நடந்தால் அனலிஸ்ட் முதலில் நினைக்க வேண்டியது, சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையை. குறிப்பிட்ட வகை நிகழ்வுகளைக் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. நேர்காணலில் ஹிப்பாவை ஒப்பித்துவிட்டு 6 மணி நேர விதியைக் கேட்டதும் விழிக்கும் மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் படித்த பாடம் வேறொரு நாட்டின் வேலைச் சந்தைக்காக எழுதப்பட்டது.

ஆகவே இங்கே இந்தச் சான்றிதழைப் பயன்படுத்த நினைப்பவருக்கு என் பரிந்துரை, படிப்பை விட்டுவிடுவதல்ல, அதன் இடத்தை மாற்றுவது. நெட்வொர்க்கும் லினக்ஸும் புதியவை என்றால் ஐ.டி. சப்போர்ட் பாடத்தை முதலில் முடிப்பது நல்லது. பாதுகாப்புப் பாடம் அந்த அடித்தளம் ஏற்கனவே இருப்பதுபோல் சில இடங்களில் வேகமாக ஓடுகிறது. உறுதிக்குச் செக்யூரிட்டி பிளஸ் கட்டணம் எட்டாது என்றால், ஐ.எஸ்.சி.2 அமைப்பு 2022-இல் பத்து லட்சம் பேருக்கு இலவசமாக அறிவித்த சி.சி. என்ற தொடக்கநிலைத் தேர்வு இருக்கிறது; அதுவும் தேர்வு மையத்தில் நடப்பதே. தேர்ச்சிக்குப் பிறகு ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம் உண்டு என்பதை மட்டும் முன்னரே கணக்கில் கொள்ள வேண்டும்.

போர்ட்ஃபோலியோவில்தான் பெரிய மாற்றம் தேவை. பொம்மைக் கம்பெனியை விட்டுவிட்டு, பழைய லேப்டாப் ஒன்றில் மெய்நிகர் கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, உபுண்டு என்ற லினக்ஸ் வகைக் கணினி இரண்டை ஏற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியே வேண்டுமென்றே தவறான கடவுச்சொற்களை அனுப்பி, அந்த முயற்சிகளைச் சூரிகாட்டாவில் தானே எழுதிய விதியால் பிடிக்கலாம். இந்த மென்பொருள்கள் எல்லாமே இலவசம். கிடைத்த பதிவுகளை வைத்து, 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைபோல் ஒரு பக்கம் எழுதலாம்: எப்போது தெரிந்தது, எந்தக் கணினி பாதிக்கப்பட்டது, எந்த முகவரியிலிருந்து வந்தது, உடனே என்ன செய்யப்பட்டது. அந்தப் பதிவுகளில் உள்ள நேர முத்திரைகள் வேறு எவருடைய அறிக்கையிலும் அப்படியே இருக்க வாய்ப்பில்லை. அந்த விதியை ஏன் அப்படி எழுதினாய், எத்தனை முயற்சிக்குப் பிறகு எச்சரிக்கை எழ வேண்டும் என்று எப்படி முடிவு செய்தாய் என்று நேர்காணல் செய்பவர் கேட்டால், அந்த மாணவரிடம் விடை இருக்கும். மாதிரி விடையைப் பார்த்து எழுதியவரிடம் இருக்காது.